குடையோடு கட்டிய கை

ஒரு நல்ல மனிதரின் நெற்றியில் தழும்பு உண்டாக்கித்தான் என் ஆசிரியை வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டேன். மறைத்துப் பயனில்லை. தென்காசியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அப்போது கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பெண்கள் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். ஒரு பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அது அழுவதற்குள் நான் அழுதுவிடுவேன். வீட்டில் மகன் இருமினால் எனக்கு வேர்க்கும். (இருமாவிட்டாலும் வேர்க்கும், ஏன் இருமவில்லை என்று.)

ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். "ஆறு நாள் முதலுதவிப் பயிற்சி. பாஸானாத்தான் வேலை நிரந்தரம். ரத்தத்தப் பாத்து மயங்கி விழுந்திராதட்டி."

ஐந்து நாட்களில் புத்தகம் மனப்பாடம். வீட்டில் நான் கட்டுப்போடாத ஆள் இல்லை. என் கணவர் ஒருநாள் தாடைக் கட்டோடுதான் காப்பி குடித்தார்.

ஆறாம் நாள் குற்றாலத்தில், ஐந்தருவியில் பரீட்சை. சீசன் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு காயத்தையாவது கவனித்துக் கட்ட வேண்டும். மற்ற ஆசிரியைகளுக்கெல்லாம் வழுக்கி விழுந்தவர்கள் வரிசையாகக் கிடைத்தார்கள். மதியம்வரை எனக்கு ஒருவரும் விழவில்லை. (யாராவது விழமாட்டார்களா என்று வேண்டிக்கொண்டேன். சாமி மன்னிக்கட்டும்.)

அப்போதுதான் பார்த்தேன். சற்றுத் தள்ளி ஒரு பாறையில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வாயைத் திறந்தபடி அசையாமல் மல்லாந்து கிடந்தார். ஒரு கை பாறைக்கு வெளியே தொங்கியது. பக்கத்தில் யாருமில்லை. உடம்பெல்லாம் பளபளத்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஊரில் பிறந்தவளுக்கு அது எண்ணெய் என்று தெரிந்திருக்க வேண்டும். புத்தகம்தான் கண்ணை மறைத்தது. கை எலும்பு முறிவு, மயக்கம், பக்கம் முப்பத்திரண்டு.

ஓடினேன். என் குடையை வைத்து அவர் கையைக் கட்டினேன். ஆட்டக்கூடாது என்று இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டினேன். அப்போது அவர் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"ஏட்டி, தூங்க விடுட்டி. சீசனுக்கு வந்தும் நிம்மதியில்ல."

பிறகு கண்ணைத் திறந்தார். எதிரே இருந்தது அவர் மனைவி இல்லை, நான். பதறி எழுந்தவர், கட்டிய காலோடு எண்ணெயில் சறுக்கி நெற்றியைப் பாறையில் இடித்துக்கொண்டார். ரத்தம் வழிந்தது.

நான் மயங்கவில்லை. இன்றும் எனக்கு அது ஆச்சரியம்தான். கை தானாகத் துணியை மடித்தது, அழுத்தியது, சுற்றியது. "அசையாதீங்க அண்ணாச்சி, ஒண்ணுமில்ல" என்று யாரோ நிதானமாகச் சொல்வது கேட்டது. சொன்னது நான்தான்.

அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுச் சீயக்காய் எடுக்கப் போயிருந்த ஆள் திரும்பி வந்து திகைத்தார். "நல்லாத்தான படுக்க வச்சிட்டுப் போனேன்?"

பரீட்சை வைத்த டாக்டரம்மா வந்து நெற்றிக் கட்டைப் பார்த்தார். "கட்டு அருமை. கை எதுக்குக் குடையோட இருக்கு?"

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். பதில் சொன்னது அண்ணாச்சி. அவர் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"கெட்டிப்போட்டுத் தள்ளுனதும் இந்தப் பிள்ளதான், காப்பாத்துனதும் இந்தப் பிள்ளதான். கை நடுங்கல பாத்துக்கிடுங்க. பாஸ் போடுங்க டாக்டரம்மா."

அந்த வருடம் முதல் மார்க் எனக்கு. வேலையும் நிரந்தரமானது. அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. அடுத்த வாரம் வகுப்பில் ஒருத்தி பல்லை உடைத்துக்கொண்டாள். நான் ரத்தத்தை நிறுத்திவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தேன். மகன் இருமினால் இப்போது தண்ணீர் கொடுக்கிறேன், அவ்வளவுதான். அந்த ஆறு நாளில் குணமான முதல் நோயாளி நான்.

மண்டி அண்ணாச்சி ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு கூடை காய் கொடுத்தனுப்புகிறார். "குடை டீச்சருக்கு" என்று சொன்னால் போதும், வீடு வந்து சேர்ந்துவிடும்.

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. தீபாவளிக்கு அவனும் அப்பாவும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரும்போது, இருவரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடுவதில்லை. ஒருவர் என்மேல் ஒரு கண் வைத்திருப்பார்.