பெரியவள் பாதம்

சூளை இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து இரண்டு தட்டுகளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்த அச்சக்காவுக்குக் கை சில்லிட்டுப்போனது. இரண்டின் பின்பக்கமும் அலம்பிவிட்டதுபோல் வெள்ளையாக இருந்தது. எழுதிய எழுத்து ஒன்றுகூட இல்லை.

குழந்தைகளின் கையையும் காலையும் ஈரக் களிமண்ணில் பதித்து, காயவைத்து, சுட்டு, பெயர் எழுதிப் பளபளப்பு ஏற்றி, மறுபடி சுட்டுத் தட்டாகக் கொடுப்பது அவள் தொழில். பெற்றவர்கள் அதைச் சுவரில் மாட்டிவைத்து, பிள்ளை வளர்ந்து எதிர்த்துப் பேசும் நாட்களில் அண்ணாந்து பார்த்து ஆறுதல் தேடிக்கொள்வார்கள். மண் ஈரமாக இருக்கும்போதே தட்டின் பின்னால் ஊசியால் பெயரைக் கீறிவிடுவது அவள் வழக்கம். பதினோரு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கீற விட்டுப்போனது. அன்றைக்கு வந்தது இரட்டைப் பெண் குழந்தைகள். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அழுத அழுகையில் அச்சக்காவுக்குத் தன் பெயரே மறந்துவிட்டது.

தட்டுகளைப் பலகையில் இடம் வலமாக வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டு, காய்ந்த பிறகு ஒன்றின் பின்னால் 'பெரியவள்' என்றும் மற்றதில் 'சின்னவள்' என்றும் எழுதினாள். எழுதியது கைக்கு அகப்பட்ட மார்க்கர் பேனாவால். அப்புறம் மின்சாரச் சூளையின் கம்பிச்சுருள் எரிந்துபோய், புதிது வந்து சேர ஒரு மாதம் ஆனது. நேற்றுத்தான் சுட்டாள். ஆயிரம் டிகிரி சூட்டில் பேனா மை என்ன ஆகும் என்று அவளிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவளே முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பாள்.

"ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

கணவருக்கு வங்கியில் கையெழுத்தை ஒத்துப் பார்க்கும் வேலை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒரு சுழி மாறினாக்கூட என் கண்ணுக்குத் தப்பாது. குடு இப்படி."

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார்.

"ரெண்டும் வலது கால்" என்றார் கடைசியில்.

"அது எனக்கும் தெரியும்."

"இரு. இதுல ரெண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். அதுல ரெண்டும் சமம். எந்தக் குழந்தைக்கு விரல் நீளம்னு கேட்டாப் போதும், முடிஞ்சுது."

குழந்தைகளின் தாய் பள்ளிக்கூட ஆசிரியை. பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்டுப் பழகியவள். தட்டு கேட்டு வந்த நாளிலிருந்து தினம் ஒருமுறை போன் செய்து, "பேரு மட்டும் மாறிடக் கூடாதுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ப் பேனா மை கதையைச் சொல்ல அச்சக்காவுக்கு நாக்கு எழவில்லை. சாமர்த்தியமாகக் கேட்கலாம் என்று போனை எடுத்தாள்.

"டீச்சர், சும்மா ஒரு சந்தேகம். பெரியவளுக்கு ரெண்டாவது விரல் கொஞ்சம் நீளம்தானே?"

டீச்சர் திருப்பிக் கேட்டாள்.

"தட்டுல எப்படிக்கா இருக்கு?"

"தட்டுல இருக்கறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"இல்லக்கா, நீங்களே சொல்லுங்க. அச்சு எடுத்தது நீங்கதானே."

"பெத்தது நீங்கதானே டீச்சர்."

"சனிக்கிழமை என் மாமியார் வர்றாங்க. அதுக்குள்ள குடுத்துருங்க" என்று சொல்லி டீச்சர் போனை வைத்துவிட்டாள்.

"அவளுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. என்னைச் சோதிக்கிறா" என்றாள் அச்சக்கா.

"அப்ப நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடு. கலர் பாக்கணும்னு சொல்லு" என்றார் கணவர்.

கலர் மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கூடத்தில் இரண்டு தொட்டில்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நடுவில் நின்றாள். அச்சக்கா இரண்டு தொட்டில்களிலும் எட்டிப் பார்த்தாள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு முகங்கள்.

"இது யாரு?" என்று போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"அதுவா" என்றாள் டீச்சர். "அது... பெரியவ."

ஆயாம்மாவுக்குப் புரையேறியது. அச்சக்கா குனிந்து குழந்தையின் காலைப் பிடித்தாள். குழந்தை விரல்களைச் சுருட்டிக்கொண்டது. தடவிக்கொடுத்து விரித்துப் பார்த்தாள். இரண்டாவது விரல் நீளம். அவளுக்கு அந்தக் காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இளஞ்சிவப்பு நல்லா இருக்கும்" என்று யாரும் கேட்காத பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

நீள விரல் தட்டில் பெரியவளின் பெயரைச் சூட்டில் அழியாத இளஞ்சிவப்புச் சாயத்தால் அழகாக எழுதி முடித்தபோது கணவர் வந்து பின்னால் நின்றார்.

"ஒரு தடவை பாத்தது கணக்குல வராது. எங்க ஆபீஸ்ல மாதிரிக் கையெழுத்து கையில இல்லாம எதையும் விட மாட்டோம். பதிவு வேணும்."

"எனக்குச் சந்தேகமே இல்ல."

"இந்தத் தட்டு நூறு வருஷம் இருக்கும்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்ற?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. மறுநாள் அவருடைய ஸ்டாம்பு பேடை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனாள். காகிதத்திலும் ஒரு நகல் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். மறுப்பாள் என்று பயந்தால், டீச்சர் பாய்ந்து வந்து பாயை விரித்தாள்.

"எடுங்கக்கா. எடுத்துட்டு, எது யாருதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

"நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாததா?"

இது சோதனையேதான் என்று அச்சக்கா முடிவு கட்டிக்கொண்டாள். மஞ்சள் சட்டைக் குழந்தையின் காலில் மையைத் தடவிக்கொண்டே, காலைப் பார்த்தபடி கேட்டாள். "மஞ்சள் சட்டை நேத்துப் பாத்த பெரியவதானே?"

"ஆமாமா" என்றாள் டீச்சர். அவசரமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை விரித்தார்கள். மஞ்சள் சட்டையின் இரண்டு விரல்களும் சமமாக இருந்தன.

கணவர் காகிதத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"முதல் நாள் போனப்ப கண்ணாடி போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் போட்டிருந்தேன்."

"அப்பக் கண்ணாடிலதான் கோளாறு."

ஈரப் பஞ்சால் பெயரைத் துடைத்து, தட்டுகளை மாற்றி எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தபோது முதல் நாள் தடவிப் பார்த்த விரல் கைக்குள்ளேயே இருப்பதுபோல் இருந்தது. மறுபடி துடைத்தாள். மூன்றாம் முறை எழுதித் துடைத்ததில் தட்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஊறி, பாதங்களுக்குச் செருப்புக் கடித்ததுபோல் ஆகிவிட்டது. அதை மறைக்க ஓரம் முழுக்க ஒரு கொடி வரைந்தாள். கொடி ஒரு தட்டுக்கு நன்றாக அமைந்தது. இன்னொன்றுக்குப் பூரான் ஊர்வதுபோல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் போன் செய்தாள்.

"அக்கா, மாமியார் நாளைக்குக் காலைல இறங்கறாங்க. பேரு சரியா இருக்கும்ல? நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன் டீச்சர்" என்றாள் அச்சக்கா. அது உண்மைதான்.

"பேசாம ஒண்ணை எழுதிச் சூளைல வச்சிடு. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

அச்சக்கா தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சூளைக்குள் வைத்துவிட்டால் பிறகு துடைக்க முடியாது. காலம் பூராவும் ஒரு பெண் தன் தங்கையின் காலைப் பார்த்து, 'நான் இவ்வளவு சின்னதாக இருந்தேனா' என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமும் அவள் விற்றது மண்ணை அல்ல, 'இது உன் பிள்ளையுடைய கால்தான்' என்ற ஒரு சொல்லை. அந்தச் சொல்லைப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் கொடுக்க அவளால் முடியாது.

பெயர்களைக் கடைசியாக ஒருமுறை துடைத்தாள். தட்டுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மன்னிப்புக் கேட்பது, புதிதாகக் களிமண் கொண்டுவந்து இன்றைக்கே அச்செடுப்பது, டீச்சர் தன் வாயால் சொல்லச் சொல்ல ஊசியால் அங்கேயே பெயரைக் கீறுவது. அதற்குமேல் திட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

கதவைத் திறந்தவர் ஆயாம்மா. இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகள். இரண்டுக்கும் காலில் இன்னும் நீல மை போகவில்லை.

"டீச்சர் இருக்காங்களா?"

"மாமியார் ரூமைச் சுத்தம் பண்றாங்க. தட்டு வந்துடுச்சா?" என்றார் ஆயாம்மா. துண்டைப் பார்த்து அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அச்சக்காவால் அடக்க முடியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துடுச்சு. ஆனா எந்தத் தட்டு யாருதுன்னு எனக்கே தெரியல ஆயாம்மா. பின்னாடி எழுதி வச்சது சூளைல எரிஞ்சுபோச்சு. அதைக் கண்டுபிடிக்கத்தான் கலரு, மைன்னு பொய் சொல்லிக்கிட்டு ரெண்டு தடவை வந்தேன். டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, புதுசா அச்செடுத்துக்கிட்டுப் போறேன். எது பெரியவ, எது சின்னவன்னு மட்டும் அவங்க கைகாட்டினாப் போதும்."

ஆயாம்மா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். ஒரு குழந்தையை அச்சக்காவின் மடியில் வைத்துவிட்டு, அவரும் படியில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடையாளத்துக்கு நகத்துல வச்சிருந்த சாயம் அழிஞ்சுபோய் ஒரு மாசம் ஆச்சும்மா, உங்க தட்டு வந்ததும் காலை வச்சுப் பாத்து எது பெரியவன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் டீச்சர் நாளை எண்ணிக்கிட்டு இருக்காங்க."