அப்பா கோட்டை விட்ட கதை

இந்தக் கதையில் நீங்கள் ஓர் இடத்தில் சிரிக்கப் போகிறீர்கள். எங்கே என்று இப்போது சொல்ல மாட்டேன். முதலிலேயே கொடுத்துவிட்டால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். உங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பொறுங்கள். முதலில் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். அதற்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டால் அது உங்கள் பொறுப்பு.

அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பர். ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், கழுத்தில் ஒரு விசில். நாற்காலியும் உண்டு. அதில் விசிலின் உறை உட்கார்ந்திருக்கும், அப்பா நிற்பார். "ஓட்டுநர் எங்கிருந்தாலும் வண்டிக்கு வரவும்ம்ம்." தொண்டையில் கொஞ்சம் தகரத்தைக் கலந்து, கடைசி எழுத்தை வளைவில் திரும்பும் பஸ் மாதிரி இழுத்தால் அதுதான் அப்பா. நான் ஒருநாள் கூண்டுக்கு வெளியே நின்று அப்படி இழுத்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் ஓட்டுநர் டம்ளரோடு ஓடிவந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டம்ளர் மறுநாள்தான் திரும்பி வந்தது.

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண் பரிசோதனை செய்வாள். "இது நல்லாத் தெரியுதா... இது நல்லாத் தெரியுதா? முன்னது நல்லாருந்துதா... இப்ப நல்லாருக்கா?" பாலாடை போல ஒரு குரல். அந்தக் குரலில் கேட்டால் கல்லும் கடைசி வரியைப் படித்துவிடும். நாளெல்லாம் நின்றுகொண்டேதான் கேட்பாள். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவளுக்கு ஊர் பார்க்க நேரமில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அப்பா ஒரு பிரகடனம் செய்தார். தட்டைக் கையில் ஏந்தி, நின்றுகொண்டுதான். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"இந்த வசந்தத்துல அந்தப் பழைய நகரத்துக்குப் போறோம். ஒரு கல்லு விடக்கூடாது. கோட்டை."

"பாக்கலாம்," என்றாள் அம்மா.

"மணிக்கூண்டு."

"பாக்கலாம்."

"கல்லுப் பாலம். தெற்கு வாசல்."

"பாக்கலாம்."

"கோட்டையிலேருந்து ஆத்துக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை ஓடுதாம்."

"பாக்கலாங்க. முதல்ல உக்காந்து சாப்பிடுங்க."

"உக்காந்தா நேரமாயிடும்."

இந்தப் 'பாக்கலாம்' இருக்கிறதே, அது அம்மாவின் சொந்தச் சரக்கு. அப்பா காதில் அது 'ஆகட்டும்' என்று விழும். என் காதில் 'அதையும்தான் பார்ப்போமே' என்று விழும். அம்மா வாயில் அது என்னவாகக் கிளம்புகிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அப்பா அன்று தொடங்கி மனக்கோட்டை கட்டினார். அந்த நகரத்தைப் பற்றி என்னென்ன புத்தகம் உண்டோ எல்லாம் ஏற்கெனவே படித்தவர். எந்த மதிலை எந்த ராஜா கட்டினான், எந்த ராஜா இடித்தான், இடித்தவனுக்கு எத்தனை பெண்டாட்டி என்பதுவரை தெரியும். தன் பெண்டாட்டியின் செருப்பு அளவு தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கடை மூடும் நேரத்தில் அம்மாவைக் கூட்டிவரப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவள் நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கோட்டைக்கு ஏகப்பட்ட படியாம். ஏறுவியா?"

"எனக்குக் கோட்டையும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம்டி. உங்கப்பா என் பக்கத்துல ஒருநாள் உக்காரணும். அவ்வளவுதான்."

"உக்காந்து?"

"பேசணும்."

"என்ன பேசணும்?"

"அதான் தெரியல." அம்மா எதிரே சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தாள். "நீ அடுத்த வருஷம் படிக்கப் போயிடுவ. அப்புறம் வீட்டுல நானும் அவரும்தான். இப்ப நாங்க பேசறதெல்லாம் உன்னைப் பத்தித்தான். இல்லைன்னா சாவி எங்க, சில்லறை இருக்கா. நீ போனப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பேச ஏதாவது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லைன்னா இல்லைன்னாவது தெரிஞ்சிடும்."

எனக்கு எல்லார் குரலும் வரும். அன்றைக்கு என் குரல் வரவில்லை.

போனோம். முதல் நாள் அருங்காட்சியகம். அப்பா முன்னால் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தடத்தில் ஓடும் பஸ்கள் போலப் பின்னால். வாளைப் பார்த்து முடிப்பதற்குள் கேடயம் வந்துவிட்டது, கேடயத்தைப் பார்ப்பதற்குள் வாசல் வந்துவிட்டது. அங்கே ஒரு கைடு இருந்தார். மூக்கால் பேசுவார். "இது ராஜா குளிச்ச தொட்டி, புரியுதுங்களா. இது ராணி குளிச்ச தொட்டி, புரியுதுங்களா." அப்பா நடுவில் புகுந்தார். "இது குதிரைக்குத் தண்ணி காட்டற தொட்டி." கைடு சொன்னார், "ராஜா குதிரையோட குளிச்சாரு, புரியுதுங்களா." அப்பாவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்த மூக்கை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள்தான் பெரிய நாள். கோட்டை நாள்.

"ஆத்தங்கரை வழியாப் போலாங்க. மரமெல்லாம் பூத்திருக்காம்," என்றாள் அம்மா.

"வழியில பூவா? சரி. அஞ்சே நிமிஷம்."

அஞ்சு நிமிஷ வழிக்கு அம்மா ஏன் மூன்று சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி எடுத்து வருகிறாள் என்று அப்பா யோசிக்கவில்லை. அதில் ஒன்றை ஏன் தனியாக என் கையில் கொடுக்கிறாள் என்றும் யோசிக்கவில்லை. புத்தகத்தில் போடாத எதையும் அவர் யோசிப்பதில்லை.

ஆறு ஓர் இடத்தில் வளைந்து திரும்பியது. அந்த வளைவில் ஒரு பெஞ்சு. மேலே வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துத் தொங்கும் கிளைகள். அம்மா உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். அப்பா நின்றார். கை தானாகக் கழுத்துக்குப் போய் விசிலைத் தேடியது.

"என்னங்க, அந்த மணிக்கூண்டு எங்க இருக்கு?"

"அதோ. அக்கரையில, கோட்டைக்குப் பக்கத்துல. கிளைக்குப் பின்னாடி."

"உங்களுக்குத் தெரியுதா?"

"பாதி தெரியுது. பூ மறைக்குது."

அம்மாவின் குரல் மாறியது. பாலாடை வந்துவிட்டது. "சரி, லேசாக் குனிங்க. இப்ப?"

"முக்காவாசி தெரியுது."

"இன்னும் கொஞ்சம் கீழ வாங்க. இப்ப எப்படி இருக்கு?"

"கடிகாரம் தெரியுது. முள்ளு தெரியல."

"முட்டிய மடக்கிக்குங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம். முன்னது நல்லாத் தெரிஞ்சுதா, இது நல்லாத் தெரியுதா?"

"இதுதான். முள்ளு சுத்தமாத் தெரியுது."

"அப்படியே இருங்க. அசையாதீங்க."

அப்பா அப்படியே இருந்தார். அதாவது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். நான் சொன்னது இதையல்ல.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண் பரிசோதனை செய்கிறவள் பார்வைக்கு எதிர்ப்பேச்சு உண்டா? பெஞ்சுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் செடி வளர்த்து வேலி போல வெட்டியிருந்தார்கள். பொட்டலத்தோடு அதன் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

"அவ எங்க?" இது அப்பா.

"பூ பாக்கப் போயிருக்கா."

"ம்." அப்பா சட்டைப்பையைத் தடவினார். "ரூம் சாவி எடுத்தியா?"

"எடுத்தேன்."

"ம்."

அவ்வளவுதான். பேச்சு தீர்ந்துவிட்டது. ஆறு ஓடியது. செடி இடுக்கு வழியாக, அப்பா பக்கம் திரும்பியிருந்த அம்மாவின் முகம் தெரிந்தது. கடைசி வரியைப் படிக்க முடியாமல் தடுமாறுகிறவர்களின் முகம் அது. கடையில் அவள் அவர்களுக்குத்தான் ரொம்பப் பொறுமையாகச் சொல்லுவாள், 'அவசரமில்லை, தெரியறதைச் சொல்லுங்க' என்று. அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றினார். எழுந்திருக்கப் போகிறார்.

எடுத்தேன் அந்த மூக்கை.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க, புரியுதுங்களா. அதோ தெரியுதே மணிக்கூண்டு, அது ராஜாவோட சமையல்காரன் கட்டினது, புரியுதுங்களா. பருப்பு வெந்துச்சான்னு பாக்கறதுக்கு."

அப்பாவின் கை முழங்காலிலிருந்து நழுவியது. "நேத்து வந்த அதே ஆளு. என்ன உளர்றான் பாரு."

"அப்படியா? அது உளறலா?" என்றாள் அம்மா, ஒன்றும் அறியாதவள் போல.

"பின்ன? அது படகுத்துறைக்காகக் கட்டினது. எந்தப் படகு எப்பக் கிளம்பணும்னு அங்கிருந்துதான் மணி அடிப்பாங்க."

"கோட்டை வந்து, புரியுதுங்களா," என்றேன் செடிக்குப் பின்னாலிருந்து, "ராஜா ஒரே ராத்திரியில கட்டினது. காலையில பாத்தா வாசல் வைக்க மறந்துட்டாரு."

"அடப்பாவி." அப்பா அம்மா பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "நீ இதையெல்லாம் காதுல வாங்காத. நான் சொல்றேன் கேளு."

சொன்னார். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்வரை சொன்னார். அவர் வேகம் குறையும்போதெல்லாம் நான் மூக்கால் ஒரு பொய்யை எடுத்து வீசுவேன். அவர் பிடித்துக்கொண்டு ஓடுவார். எதிரே தெரிந்த கல்லுப் பாலத்தை ராணி வீட்டுச் சீதனம் என்றேன். தெற்கு வாசலை ராஜா மாமியாருக்குப் பயந்து வைத்தது என்றேன். நடுவில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார். நான் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். கோட்டையைவிட அதுதான் பார்க்க வேண்டிய இடம்.

அப்புறம் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவே கேட்டாள்.

"அந்தப் படகுத்துறை ஆளும் உங்க வேலைதான் பாத்திருக்கான், இல்ல?"

"அதே வேலைதான்."

"எல்லாப் படகும் போனப்புறம் என்ன பண்ணுவான்?"

அப்பா மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நிப்பான். எல்லாம் போயிடும். இவன் மட்டும் நின்ன இடத்துலயே நிப்பான். மலைக்குப் போறவன், கடலுக்குப் போறவன், கல்யாணத்துக்குப் போறவன், எல்லாரையும் இவன்தான் விசில் ஊதி அனுப்பி வைப்பான். இவனுக்குன்னு ஒரு வண்டி வராது. அதான் ஒருதடவை கிளம்பினா, எல்லாத்தையும் பாத்துடணும்னு..." நிறுத்திவிட்டார்.

ஒரு பூ அவர் தலையில் விழுந்தது. அம்மா எடுத்துப் போடவில்லை.

"இதை ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?"

"நீ கேட்டதே இல்ல."

"நீங்க உக்காந்ததே இல்ல."

செடிக்குப் பின்னால் எனக்கு மூக்கு நிஜமாகவே அடைத்துக்கொண்டது.

அம்மா குனிந்து செருப்பை மாட்டினாள். "வாங்க. கோட்டைக்குப் போலாம். படி எத்தனை இருந்தாலும் ஏறறேன்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். பார்வையாலேயே ஆளைப் படிக்கிறவளுக்கு, ஆளின் ஆசையைப் படிக்காமல் போய்விட்டோமே என்று இருந்திருக்கும்.

"இரு," என்றார் அப்பா. "அந்தச் செருப்பு இறுக்குதா உனக்கு? கழட்டு முதல்ல. என்ன சைஸ் இது?"

அப்புறம் என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். பாதி எனக்குக் கேட்கவில்லை. மீதிப் பாதியைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டு பேரும் ஆற்றங்கரையில் ஆற அமரப் பேசினார்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அக்கரையில் மணி அடித்தது. கோட்டை வாசலின் பெரிய கதவுகள் மெல்லச் சேர்வது அங்கிருந்தே தெரிந்தது. அப்பா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். காலம் தவறாத டைம் கீப்பர், கண்ணெதிரே கோட்டையைக் கோட்டை விட்டார்.

"மூடிட்டான்," என்றார். "நாளைக் காலையில நமக்கு ரயில்."

"ஆமா."

"கோட்டையப் பாக்கலாம்னு சொன்னியே நீ."

"பாத்தீங்களே. காலையிலேருந்து அதைத்தானே பாத்தீங்க. நான் பாக்கலாம்னுதான் சொன்னேன். போகலாம்னு சொல்லலையே."

"மணிக்கூண்டு?"

"முள்ளு உட்படத் தெரிஞ்சுது."

"பாலம், தெற்கு வாசல்... சரி, சுரங்கம்? அதைப் பாத்தேனா?"

"அது ஆத்துக்கு அடியில ஓடுதுன்னு நீங்கதான சொன்னீங்க. நாம இருந்தது அதுக்கு மேலதான். இதுக்கு மேல யாரு பக்கத்துல போவாங்க?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். தொங்கும் கிளையைப் பார்த்தார். தான் குனிந்த இடம், மடக்கிய இடம், உட்கார்ந்த இடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். காலியான பொட்டலங்களைப் பார்த்தார். படித்த புத்தகங்களில் ஒரு ராஜாவும் இப்படிப் பிடிபட்டதில்லை. ரத்தமில்லை, சத்தமில்லை, சரணாகதி மட்டும்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் எனக்கு ஒரு பெருமை. அம்மா குட்டு வெளிப்பட்டுவிட்டது, என் குட்டு வெளிப்படவில்லை. அந்த மூக்கு யாருடையது என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை. உங்களுக்குச் சொன்ன சிரிப்பு இதுதான். சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன்.

அப்பா எழுந்தார். இரண்டு கைகளையும் தட்டி மண்ணை உதறினார். அம்மாவுக்குக் கை கொடுத்து எழுப்பினார். செடிப் பக்கம் திரும்பாமலே, அமைதியாகச் சொன்னார்:

"வா, டீ குடிக்கலாம். அந்தக் கைடையும் கூப்பிடு. காலையிலேருந்து மூக்கால பேசி, பாவம், அவளுக்கும் தொண்டை வறண்டிருக்கும்."