இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்பவர்

மட்டக்களப்பு வாவியில் எத்தனை வகை மீன் உண்டு என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாவிக்கரையில் உலவும் ஆலோசகர்களை எண்ணத்தான் ஆளில்லை. அவர்களில் ஒரு வகையை நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். அடுத்தவர் அடுப்பில் வைத்த சட்டிக்குள் எட்டிப் பார்த்து, அகப்பையைத் தொடாமலே, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பவர். எதை ஊற்றுவது, ஏன் ஊற்றுவது? அதெல்லாம் அவருக்கு எதற்கு?

ஜெயராஜா சேரைப் பாருங்கள். பொலித்தீன் ஒழிப்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார், பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் குடிப்பார், பொலித்தீன் சுற்றிய பூச்செண்டை இரண்டு கையாலும் வாங்குவார், பூமித்தாய்க்கு மூச்சு முட்டுவதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார், பேசி முடித்ததும் பூச்செண்டைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போவார். சனம் கை தட்டும். சாப்பாட்டு நேரம் பிந்திவிட்டதே, தட்டாமல் என்ன செய்யும்?

கதிரவெளியில் சர்மிலாவும் ஆறு பெண்களும் ஒரு கொட்டிலில் மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்து, பொலித்தீன் போன்ற தாளாக உரித்தெடுத்துப் பை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர்களுடைய ஆலோசகராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார்.

வெறும் மாவில் செய்த தாள் பப்படம் போல நொறுங்கும். அது வளைய வேண்டுமென்றால், தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்யும்போது மிஞ்சும் கிளிசரினைக் கூழில் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க சர்மிலாவுக்கு நாலு மாதம் போனது. நூறு கிராம் மாவுக்கு முப்பது கிராம். குறைந்தால் உடையும். கூடினால் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துப் பிசுபிசுக்கும். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

ஓட்டமாவடியில் பொலன்னறுவை பஸ்கள் நிற்கும் இடத்தில் வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை, விற்கும் இஷாம் அந்தப் பையை வாங்கச் சம்மதித்திருந்தார்.

"அஞ்சு நாள் கடையில தொங்கட்டும் தங்கச்சி. கச்சான் மொறுமொறுப்பா இருந்தா மாசா மாசம் உங்கட பேக்தான். அஞ்சு நாளைக்கு மேல என்ட கடையில கச்சான் நிக்காது."

அது சரிவராவிட்டால் கொட்டிலைப் பூட்டிவிட்டு, தூரத்து ஆடைத் தொழிற்சாலைக்கு சர்மிலா பஸ் ஏறுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

ஜெயராஜாவுக்கு ஒரு பழக்கம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பேச்சின் நடுவில் கைலேஞ்சி மாதிரி உருவி உதறிக் காட்டுவார். அவருடைய விஞ்ஞானம் அவ்வளவுதான். கொட்டிலுக்கு வந்து அவர் மடித்துப் பார்த்த சர்மிலாவின் தாள் மூன்றாம் மடிப்பில் கீறல் விட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க புள்ள."

"கூடினா ஒட்டும் சேர். கச்சான் பேக்குக்கு இந்த அளவு காணும். அதை ஆரு எட்டா மடிக்கப் போறாங்க?"

"நான் எத்தின கருத்தரங்கு கண்டவன். ஊத்துங்க."

கூழ் கிண்டிக்கொண்டிருந்த அஞ்சலா நிமிரவேயில்லை. "சேர் வந்து ஒரு கை கிண்டித் தந்தா இன்னும் நல்லா வரும்."

சேருக்கு அது கேட்கவில்லை. கிளிசரின் போத்தலைத் தாமே கூழுக்குள் கவிழ்த்தார்.

மூன்றாம் நாள், மட்டக்களப்பில் குளிரூட்டிய மண்டபமொன்றில், அந்தத் தாள் சட்டைப் பைக்குள் இருந்து பட்டுப் போல உருவி வந்தது. கைதட்டல். படம். அதே தாளில் செய்த ஐம்பது பைகளை இஷாமுக்கு அனுப்பச் சொன்னார். சர்மிலா அனுப்பினாள். கூடவே, தன்னுடைய பழைய அளவில் செய்த ஐந்து பைகளையும் அனுப்பி, அவற்றிலும் கச்சான் நிரப்பிக் கடை மூலையில் தனியாகத் தொங்கவிடச் சொன்னாள்.

பைகள் தொங்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் ஜெயராஜா படம் பிடிக்க ஆளோடு கடைக்கு வந்தார். சர்மிலாவும் வந்திருந்தாள். ஐம்பது பைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, குளவிக்கூடு மாதிரி தொங்கின. இஷாம் ஒன்றைப் பிய்த்தெடுத்து ஒரு கச்சானைக் கடித்தார். சத்தமே வரவில்லை.

ஜெயராஜா படம் பிடிப்பவரிடம் திரும்பினார். "பாத்தீங்களா, அஞ்சு நாளில உக்கி மண்ணாகத் தொடங்கிட்டு. உலகத்தில வேற எங்கயும் இவ்வளவு வேகமில்ல."

இப்படிப்பட்டவரை நீங்கள் எந்தக் காலத்தில் தோற்கடிப்பது?

"பேக் உக்கல்ல சேர். கச்சான் நமுத்துப் போயிரிக்கி" என்றார் இஷாம்.

சர்மிலா மூலையைக் காட்டினாள். இஷாம் அங்கிருந்து ஒரு பையை எடுத்து உடைத்து ஒரு கச்சானை வாயில் போட்டார். மொறுக்கென்றது. இன்னொன்றையும் கடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாவதை ஜெயராஜாவிடம் நீட்டினார். அவர் மென்றார். தலையாட்டினார்.

"ஓம். இதுதான் நான் சொன்ன அளவு."

இஷாம் அவரைப் பார்க்கவில்லை. "அடுத்த கிழமையே இருநூறு பேக் தாங்க தங்கச்சி. ஒண்டு மட்டும் சொல்லுறன். கூழ் காச்சக்குள்ள சேரைக் கொட்டில் பக்கம் விட வேணாம்."

சர்மிலா பஸ் ஏறினாள். கதிரவெளிக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நூறு கிராம் மாவுக்கு முப்பது கிராம் என்று மேலே படித்தபோது, 'ஏன், நாற்பது போட்டுப் பார்த்தால் என்ன?' என்று உங்களுக்குள் ஒரு குரல் எழுந்ததா இல்லையா? எழுந்திருந்தால், தயவுசெய்து எங்கள் பக்கம் வந்துவிடாதீர்கள். அடுப்பில் கூழ் கொதிக்கிறது.