செலவில்லாமல் கடல் பார்த்த கதை

ஊர் சுற்றப் போகும்போது மிச்சம் பிடிக்கிறவர்களை நம்பவே கூடாது. காசை மிச்சம் பிடிப்பதோடு நிறுத்த மாட்டார்கள். எதற்காகப் புறப்பட்டோமோ அதையும் செலவழிக்காமல் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். அனுபவித்துச் சொல்கிறேன். மிச்சம் பிடித்தவளும் நான்தான், அனுபவித்தவளும் நான்தான்.

எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதினார். வருஷத்துக்கு ஒருமுறை லீவு. நான் பூதப்பாண்டியில் மாமியார் வீட்டில். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டினால் ஒரு மாம்பழக் காலம் தேறாது. அதிலும் பகலில் பேச வழியில்லை. நின்று நாலு வார்த்தை பேசினால் எங்கிருந்தோ அத்தையின் இருமல் கேட்கும். (அத்தைக்கு மற்ற நேரத்தில் இருமலே கிடையாது.)

இரண்டாவது லீவில் வந்தபோது, கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏ பிள்ளே, கன்னியாகுமரிக்குப் போவமா? பஸ்ஸுல போவலாம். சத்திரத்துல ஒரு ரூம் எடுத்து ரெண்டு நாள் இருப்பம். நீயும் நானும் மட்டும்."

நீயும் நானும் மட்டும்! வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அப்பவே சரி என்றிருப்பாள். நான் கேட்டது இது:

"ரூமுக்கு வாடகை கேப்பானே?"

"பின்ன சும்மாவா தருவான்?"

"கன்னியாகுமரிக்குப் பக்கத்துல, கொட்டாரத்துல எங்க சித்தி வீடு இருக்கே. அங்க தங்கிக்கிட்டா ஒத்தப் பைசா செலவில்ல."

அவர் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். பிறகு, "பஸ்ஸுலயாவது போவலாம்லா?" என்றார்.

"வில்வண்டி சும்மாதான கெடக்கு? காளை ரெண்டும் தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்திருக்கு. பஸ்காரனுக்கு எதுக்கு அள்ளிக் குடுக்கணும்?"

என்னையே பார்த்தார். என் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு மலைத்துப்போய் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? லீவு முடிகிற நாளாகப் பார்த்துத் திரும்பினால், வீடுவரை வந்து மறுபடி நாகர்கோவிலுக்குப் போகிற செலவும் மிச்சம் என்றேன். கன்னியாகுமரியிலிருந்து வரும் வழியிலேயே அவர் மலைக்குப் பஸ் ஏறிக்கொள்ளலாம். அதற்கும் தலையாட்டினார், பாவம்.

பஸ்ஸில் போவதென்றால் யாருக்கும் சொல்லாமல் கிளம்பலாம். வண்டி பூட்டுவதென்றால் அத்தையிடம் கேட்கவேண்டும். கேட்டேன்.

"வண்டி அந்தப் பக்கமா போகுதுன்னா நானும் வாறேன். கடல்ல ஒரு முழுக்குப் போட்டு எத்தனை வருசமாச்சு!" என்றாள் அத்தை.

அத்தை வந்தால் மூத்த ஓரகத்தி சும்மா இருப்பாளா? அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அக்காவும் கிளம்பினாள். அவள் மகள் பொன்னுவும் கிளம்பினாள். பொன்னுவுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. வந்த நாளிலிருந்து நிறுத்தவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று அத்தை ஒரு பலாப்பழத்தை ஏற்றச் சொன்னாள். பழமா அது! ஆள் உட்கார்ந்த மாதிரி வண்டிக்குள் உட்கார்ந்தது. வழியில் கடையில் வாங்கித் தின்றால் வீண் செலவாகுமென்று நான் கட்டிய புளிச்சோற்றுப் பானை, முறுக்கு டின், முந்திரிக்கொத்துச் சம்படம் எல்லாம் ஏறின.

ஒழுகினசேரி ஏற்றத்தில் காளைகள் நின்றுவிட்டன. யாராவது ஒருத்தர் இறங்கினால்தான் நகரும் என்றான் வண்டிக்காரன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு பலாப்பழத்தைப் பார்த்தோம்.

"சித்தப்பா நடக்கட்டும்!" என்றாள் பொன்னு.

இறங்கினார். ஏற்றம் முடிந்து சமதரை வந்தது. காளைகளுக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போயிருக்க வேண்டும். அவர் ஏறக் காலை வைத்தாலே நின்றுவிட்டன.

வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு, மடியில் பொன்னுவோடு நான். பத்தடி தள்ளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர். அத்தை காதுபட நேராகப் பேசக்கூடாதில்லையா? அதனால் பொன்னு வழியாகப் பேசினேன்.

"மக்கா, கால் வலிக்கான்னு சித்தப்பாட்ட கேளு."

"சித்தப்பா, சித்திக்குக் கால் வலிக்காம்!"

"உக்காந்துதான இருக்கா? அவளுக்கு என்னத்துக்கு வலிக்கு?" என்றார். பிறகு, "நாளைக்கு வெள்ளனே கடலுக்குப் போயிரணும், சூரியன் வாறதப் பாக்கணும்னு சித்திட்ட சொல்லு" என்றார்.

"சித்தி, நாளைக்குச் சூரியன் வருமாம்!"

"தெனமும்தான் வருது" என்றாள் உள்ளேயிருந்து அத்தை. தொடர்ந்து இருமினாள்.

கொட்டாரத்தில் சித்தி வீட்டு வாசலில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. சித்தியின் நாத்தனார்மார் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களும் கடல் பார்க்க வந்தவர்கள்தான். அவர்களும் சத்திர வாடகையை மிச்சம் பிடிக்க வந்தவர்கள்தான். உலகத்தில் எனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறதென்று அதுவரை நினைத்திருந்தேன்.

பெண்களுக்கு வீட்டுக்குள்ளே இடம். ஆண்களுக்கு அடுத்த தெருவில் யாரோ ஒருவருடைய நெல் களஞ்சியத்தில். என் வீட்டுக்காரர் ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போது ஒருதரம் பார்த்தார். நான் ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேருக்கும் காலையில் தோசை வேண்டுமே. சும்மா தங்கவந்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? சத்திரத்து வாடகையை அரிசியும் உளுந்துமாக ஆட்டிக் கொடுத்தேன்.

காலையில் தோசை சுட்டு, தின்று, மறுபடி சுட்டு, எல்லாருமாகக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உச்சியை நோக்கிப் பாதி வழி வந்திருந்தது. அத்தைக்கு அலையைக் கண்டால் பயம். "ஏட்டி, கையை விட்டுராத" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முழுகினாள். ஒரு முழுக்கு என்றுதான் புறப்பட்டு வந்தாள். முன்னோர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஒரு முழுக்காகப் போட்டாள். எங்கள் குடும்பம் பழைய குடும்பம்.

கரையில் எல்லாருடைய மாற்றுத்துணியையும் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றார். தூரத்தில் ஒரு கொடியில் சேலைகள் காய்கிற மாதிரித்தான் தெரிந்தது. கையை வாயருகே வைத்து என்னவோ கத்தினார். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் கரையேறினதும் நாத்தனார்மார் சூழ்ந்துகொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் திரும்பினோம். பலாப்பழம் இறங்கிவிட்டது, இனி அவர் உட்காரலாம் என்று நினைத்தேன். சித்தி விடுவாளா? பதில் மரியாதைக்கு ஒரு குலை ஏத்தன் வாழைக்காயும் ஒரு சாக்குத் தேங்காயும் ஏற்றிவிட்டாள்.

சுசீந்திரம் தாண்டியதும் அத்தை தூங்கிவிழுந்தாள். அக்காவும் தூங்கினாள். பொன்னு வாயைத் திறந்தபடியே என் மடியில் தூங்கினாள். அவர் எட்டி நடந்து வந்து வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டார். என் முழங்காலுக்கும் அவர் கைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. இரண்டு பக்கமும் வயல், நடவு முடிந்து பச்சையாக. வண்டிச் சக்கரத்தின் சத்தம் தவிர வேறொன்றுமில்லை.

"நேத்தைக்குக் கரையில நின்னு என்ன சொன்னியோ?" என்று கேட்டேன்.

"ஒன் பேரச் சொன்னேன். வீட்டுல வச்சுச் சத்தமாக் கூப்பிட முடியாதுல்லா?"

என்னோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. மலையில் தனியாட்களுக்குத்தான் இடம், அதுவும் தெரியும். குனிந்து பொன்னுவின் தலைமுடியைக் கோதினேன்.

"அடுத்த வருசம் சத்திரந்தான், கேட்டியா?" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு கேப்பான்?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் காளைகள் நின்றுவிட்டன. அத்தை விழித்துக்கொண்டாள். "என்னலே சிரிப்பு ரோட்டுல?" என்றாள்.

நாகர்கோவிலில் பஸ் தயாராக நின்றது. நான் முறுக்கு டின்னை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார். பஸ் புறப்பட்டு, தூசி அடங்கி, வண்டிக்காரன் காளைகளைத் திருப்புகிறவரை பின்பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள வந்து உக்காரு, இப்பம் எடம் கெடக்குல்லா?" என்றாள் அக்கா. போகவில்லை.

அடுத்த வருஷ லீவைப் பிரசவத்துக்கென்று முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அவர் வந்தபோது எனக்கு நிறைமாதம். அதற்கடுத்த வருஷம் கைப்பிள்ளை. பிறகு மலைக்குக் கீழே அவருக்கு வேலை கிடைத்து வீட்டோடு வந்துவிட்டார். பிள்ளைகள், பள்ளிக்கூடம், கல்யாணம் என்று கடலுக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. எங்கள் வீட்டில் யார் கார் பிடித்து எங்கே கிளம்பினாலும், ஏறுவதற்கு முன் யாராவது ஒருத்தர், "சித்தப்பா நடக்கட்டும்!" என்பார்கள். இப்போது பொன்னுவே பாட்டியாகிவிட்டாள். அவர் இருந்தவரை அதைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நிற்பார்.

போன சித்திரையில் பேரன் எல்லாரையும் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனான். கடலைப் பார்த்த லாட்ஜ். எனக்குத் தனியாக ஒரு அறை. "ஆச்சி, வாடகை எவ்வளவுன்னு மட்டும் கேக்கப்பிடாது" என்று சாவியைக் கொடுத்தான். நான் கேட்கவில்லை. உள்ளே இரண்டு கட்டில் போட்டு வெள்ளை விரித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேரன் எட்டிப் பார்த்தபோது நான் ஒரு கட்டிலிலிருந்து எழுந்து மற்றதில் படுத்துக்கொண்டிருந்தேன். "என்ன ஆச்சி, அந்த மெத்தை சரியில்லையா?" என்றான்.

"ரெண்டுக்கும் சேத்துத்தான மக்கா வாடகை வாங்குகான்? ஒண்ணு சும்மா கெடக்கலாமா?" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மற்ற அறைகளில் சொல்ல ஓடினான். இப்போது வீட்டில் இந்தக் கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.