முப்பத்தாறு மணி நேரத்தில் முதுமலை

சுங்குவார்சத்திரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்குரிய மாமா தசரதன் அவர்களுக்கு, மாப்பிள்ளை புருஷோத்தமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். ஜோதியும் நலம் என்று இன்று காலை பஸ் ஸ்டாப்பில் சொன்னாள். வாலாஜாபாத்தில் தாங்களும் அத்தையும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான். போனில் நான் பாதி சொல்வதற்குள் தாங்கள் மீதியைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால் கடிதம்.

போன மாதம் தாங்கள் வந்து பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, இது குடித்தனமா, சாவி மாத்தி உடுற வேலையா?" என்று கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு ஒரகடத்தில் நைட் ஷிப்ட், அவளுக்கு இங்கே டே ஷிப்ட், ஓ.டி. சேர்த்தால் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். காலையில் என் கம்பெனி பஸ் என்னை இறக்கும், அவள் பஸ் அவளை ஏற்றும், நடுவில் மூன்று நிமிடத்தில் வீட்டுச் சாவியும் சாம்பார் எங்கே இருக்கிறது என்ற தகவலும் கை மாறும். சாயங்காலம் அதே போல திரும்ப. "ஒரே ஒரு நாளு ரெண்டு பேரும் முழிச்சிக்கினு, ஒண்ணா ஒரு எடத்தைப் பாத்துட்டு வாங்க. இல்லாங்காட்டி அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம ஆட்டோ எடுத்தாந்து பொண்ணைக் கூட்டிக்கினு பூடுவேன்" என்றீர்கள். எட்டு மாதம் முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணை ஆட்டோவில் திருப்பி எடுத்துப் போவது எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள் மாமா. தங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை ஏழிலிருந்து திங்கள் காலை ஏழு வரை, முப்பத்தாறு மணி நேரம் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. நான் கம்பெனியில் லைன் பிளானிங் பார்க்கிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். முதுமலைக்குப் போக பதின்மூன்று மணி, வர பதின்மூன்று, காட்டுக்குள் வனத்துறை வண்டியில் ஒரு மணி என்று எக்ஸெலில் போட்டேன். அந்த ஒரு மணியையும் சும்மா விடவில்லை. யானைக்குப் பன்னிரண்டு நிமிடம், காட்டெருமைக்கு ஆறு, மானுக்கு நான்கு, புலி வந்தால் ஒன்பது. ஜோதி அதைப் பார்த்துவிட்டு, "மானுக்கு இன்னாத்துக்கு நாலு நிமிசம்? நமக்கே மூணு நிமிசந்தான் கீது" என்றாள். உடனே மானை மூன்றாகக் குறைத்தேன்.

பெங்களூர் பஸ் வேலூர் தாண்டி டீக்கு நின்றது. நான் ஏழு நிமிடம் போட்டிருந்தேன். கண்டக்டர் பரோட்டா சாப்பிட உட்கார்ந்துவிட்டார். போய் வாட்சைக் காட்டினேன். "இன்னா சார், யானை இன்னா உன் கம்பெனி பஸ்ஸா, உட்டுட்டுப் பூடறதுக்கு?" என்று கேட்டுவிட்டு சால்னா ஊற்றிக்கொண்டார். இருபத்தொன்பது நிமிடம் போச்சு மாமா! எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது, பழக்கம் அப்படி. ஆகவே வாணியம்பாடியில் எத்தனை நிமிடம் லேட், கிருஷ்ணகிரியில் எத்தனை, ஓசூரில் எத்தனை என்று ஒவ்வொரு ஊரிலும் ஜோதியை எழுப்பி மறக்காமல் தகவல் சொல்லிக்கொண்டே வந்தேன். மைசூரில் பஸ் மாறும்போது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்னிடம் நேரம் ஒதுக்கீடு இல்லை.

ஒருவழியாக, காட்டுக்குள் போகும் வனத்துறையின் காலைக் கடைசி வண்டியைப் பிடித்தோம். பக்கத்து சீட்டில் சங்கரன்கோவிலிலிருந்து வந்த உலகம்மாள் என்ற அம்மா, மடியில் முறுக்கு டப்பா. வண்டி கிளம்பியதும் அதே டீசல் சத்தம், அதே ஆட்டம், அச்சு அசல் நம்ம கம்பெனி பஸ்ஸேதான். கம்பெனி பஸ்ஸில் செகண்ட் கியர் விழுந்தால் எங்கள் ஊர் ஜனத்துக்கே கண் மூடிக்கொள்ளும். இது கம்பெனி பஸ் இல்லை, இது காடு என்று மூன்று முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யானை வந்தது மாமா. இருவரும் முழித்துக்கொண்டு ஒன்றாகப் பார்த்தோம். யானை பெரியதாக இருந்தது. நிறம் யானை நிறம்தான். தும்பிக்கை முன்பக்கமே இருந்தது. ஒதுக்கிய பன்னிரண்டு நிமிடமும் நின்றுவிட்டுப் போனது. இதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள், ஜோதியைக் கலந்துகொண்டு எழுதுகிறேன்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எடுத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் இல்லாவிட்டால் நான் சாவியை யார் கையில் கொடுப்பேன்? அத்தைக்கு என் வணக்கம். வீட்டில் எல்லாரும் தீர்க்காயுசாக, முடிந்தவரை ஒரே ஷிப்டில், நன்றாயிருக்க வேண்டுமென்று வேண்டும்,

தங்கள் மாப்பிள்ளை,
புருஷோத்தமன்.

பி.கு.: அப்பா, நான் ஜோதி. சாயங்காலம் சாவியோட இந்த லெட்டரையும் என் கையில குடுத்து, ஒட்டிப் போட்டுடுன்னாரு. நான் படிச்சிட்டேன். அத்தினியும் பொய்யிப்பா. யானையும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. வண்டி கெளம்பின ஒடனே நானும் தூங்கிட்டேன், அவரும் தூங்கிட்டாரு. "ஏட்டி, ஆனை வந்து நிக்கி, ரெண்டும் எந்திரிங்கட்டி"ன்னு அந்த ஒலகம்மா அக்கா உலுக்கிப் பாத்துட்டு, அப்பால போட்டோ எடுத்து வச்சிருந்தாங்க. என் போனுக்கு அனுப்பினாங்க, பிரிண்ட் போட்டு இதுக்குள்ள வச்சிருக்கேன். தலையோட தலை சாஞ்சிக்கினு நாங்க ரெண்டு பேரும் வாயைத் தொறந்துகினு தூங்கறோம், ஜன்னலாண்ட யானை நின்னு எங்களைப் பாத்துக்கினு கீது. கல்யாணம் ஆன எட்டு மாசத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கினது அந்த ஒரு மணி நேரந்தாம்ப்பா. எனக்கு அழுகையே வந்துடுச்சி. இந்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமே ஓ.டி. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டோம். நீ ஆட்டோ எடுத்துக்கினு வராத. மீறி வந்தியானா கதவை மட்டும் தட்டாத.