எந்தத் தீவு என்று கேட்டார்கள்

மரியாதைக்குரிய இயாத்தி மாமாவுக்கு,

வெட்கமாக இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. உங்கள் தன்னா தீவுக்கு எதிராக வலைக்கு மறுபக்கம் நின்றது நான்தான். தோட்டத்துக் கிழங்குகளும் பன்றிகளும் நலம் என்று நம்புகிறேன்.

நம் வனுவாத்துவின் சுதந்திர தினக் கைப்பந்தில் தன்னா அணிக்கு ஆள் சேர்ப்பவர் நீங்கள் என்பதால் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்தேன். "உங்கப்பன் பெண்டகோஸ்ட் தீவுக்காரன். நீ அவன் பொண்ணு. அங்க போய் ஆடு" என்றீர்கள். போனேன். அங்கே விரா சித்தப்பா, "எங்க வடக்குப் பக்கம் பிள்ளைங்க அம்மா வழிதாம்மா. நீ தன்னாக்காரி" என்று அன்போடு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார். இரண்டு தீவுகளின் வழக்கமும் சரி. நடுவில் கடல்.

தலைநகர் போர்ட் விலாவில் என்னைப் போல் நிறையப் பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓர் அணி சேர்ந்தோம். கடைக்கார வீட்டு லின்னும் உண்டு. சீனப் பெயர், பிறந்தது இங்கேதான்.

ஒலிபெருக்கிக்காரர், "எந்தத் தீவும்மா?" என்றார்.

"நி-வனுவாத்து."

"அது எல்லாரும்தானே!"

"ஆமாண்ணே, எல்லாரும்தான்."

மைதானமே சிரித்தது. "மந்திரி மேடையில பேசற வார்த்தை அது. ஆட வந்தியா, கொடியேத்த வந்தியா?" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா. உண்மைதான். ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போனால்தான் நமக்கே அந்தப் பெயர். திரும்பி வந்து இறங்கியதும் தன்னாக்காரன், அம்பேக்காரன். நி-வனுவாத்து என்றால் எழுந்து நிற்கும் நிலத்துக்கு உரியவர்கள் என்று பொருள். நாங்களும் நின்றோம். கைதட்டத்தான் ஆளில்லை.

பிறகு அம்பே தோற்றது. அதன் ஆட்கள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். மாலெக்குலா தோற்றது, அவர்களும் வந்தார்கள். பெண்டகோஸ்ட் தோற்றது, சித்தப்பா குடையோடு வந்து, "நம்ம பிள்ளைடா அவ!" என்றார். உங்கள் அணியோடு இறுதி ஆட்டம் தொடங்கியபோது முக்கால் மைதானம் "நி-வனுவாத்து!" என்றுதான் கத்தியது, மாமா. எனக்குப் பந்துகூடச் சரியாகத் தெரியவில்லை.

அத்தைக்கு என் அன்பு. இந்த ஆண்டு புயல் உங்கள் கூரையைத் தொடாமல் போகட்டும்.

உங்கள் தங்கை மகள்
ரோஸ்லின்

பி.கு.: வென்றது தன்னா. உங்களுக்குத் தெரியும், மேலே எழுதத்தான் கை வரவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு உங்கள் பெண்கள் ஊர்ப்பாட்டைத் தொடங்கினார்கள். இரண்டாம் அடியிலேயே வரி தெரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லோரும் விலாவில் வளர்ந்தவர்கள். அம்மா எனக்கு முழுப் பாட்டையும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். போய் நடுவில் நின்று பாடினேன்.