தொழுகைப் பாயைத் தள்ளிய கட்டைவிரல்

கம்பம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை ஷானவாஸ் அவர்களுக்கு, மாமனார் ஷேக் மைதீனின் ஸலாம். இங்கே உங்கள் மாமி ஷரீபா, மனைவி நிலோபர், மகள் ஷர்மின் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நான்தான் சுகமில்லை. காய்ச்சல் அல்ல, பெருநாளைக்கு நீங்கள் வாங்கித் தந்த போன்.

குர்ஆன் கேட்கச் சொல்லித்தான் பிரியமாகத் தந்தீர்கள். நானும் விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு அதற்குத்தான் உட்காருகிறேன். ஓதி முடிந்ததும் அதுவாகவே திராட்சைக்கு மருந்தடிக்கும் வீடியோ வருகிறது, தோட்டக்காரன் பார்க்காமல் இருக்க முடியுமா, அதன் பின்னாலேயே யாரோ கிணற்றிலிருந்து மாட்டைத் தூக்குகிறார்கள், மாடு மேலே வராமல் எப்படி எழுந்து போவது, அதற்குள் இட்லி ஆறிவிடுகிறது. மாமி என்னைச் சோதித்தே பார்த்துவிட்டாள். "என்னங்க, வாசல்ல யானை வந்து நிக்குது" என்றாளாம். "உக்காரச் சொல்லு, டீ போடு" என்றேனாம்.

அதுகூடப் போகட்டும். அஸர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் கிடக்கும்போது என் கட்டைவிரல் தன்னாலே பாயை மேலே மேலே தள்ளியிருக்கிறது. பக்கத்தில் தொழுத வாழைக்காய் வியாபாரி ரபீக், ஸலாம் கொடுத்து முடித்ததும் காதோரம், "என்ன மச்சான், அடுத்தது வரலியா?" என்றார்.

நேற்று பேத்தி ஷர்மின் கிதாபோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "யாசீன் மனப்பாடம் ஆயிருச்சு. நன்னாகிட்ட ஓதிக் காட்டச் சொன்னாக உஸ்தாது" என்றாள். சிறிது நேரம் கழித்து நான், "மாஷா அல்லாஹ், அருமையா ஓதுன ஆத்தா" என்றேன்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, நன்னா."

பிள்ளை அழவில்லை மாப்பிள்ளை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். கிதாபை மூடிக்கொண்டு எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "மொதல்ல அந்தப் போனை அங்கன வைங்க" என்றாள். அலமாரிக்கு மேலே வைத்தேன். ஓதினாள். நடுவில் ஓரிடத்தில் தடுமாறி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் மனசு ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆகையால் உங்கள் வண்டன்மேட்டுக்கு வரும் சண்முகராஜின் ஜீப்பில் இந்தக் கடிதத்தோடு போனையும் பார்சலாகக் கொடுத்தனுப்புகிறேன். மனம் கோண வேண்டாம். ஏலத்தோட்டக் குளிரில் காதை மூடிக்கொண்டு திரியுங்கள். உங்கள் உடம்புக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

துஆவுடன்,
ஷேக் மைதீன்

பின்குறிப்பு: கடைசியாக ஒருமுறை ஷர்மின் போட்டோவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமி பார்சலைப் பிரித்தாள். இப்போது யாரோ நெய்ச்சோறு ஆக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. சண்முகராஜ் ஹாரன் அடிக்கிறார். எனவே பார்சலில் சார்ஜர் மட்டும் வருகிறது. அதையும் திரும்பி வரும் ஜீப்பிலேயே கொடுத்தனுப்பிவிடுங்கள்.